புதுப்பிப்பு: இணைய வகுப்புக் கலந்துரையாடலும் ஒரே மாதிரிப் பதில்களும்

சேலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு இணையவழியில் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். கலந்துரையாடலில் எல்லாரும் சாட்ஜிபிடி எழுதிய பதிலையே போடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளைச் சிலர் பரிந்துரைத்தீர்கள். அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. சொந்தமாக எழுதிய பிள்ளையைச் சந்தேகப்பட்டால் அவள் அப்புறம் வாயே திறக்கமாட்டாள்.

கேள்வியைத்தான் மாற்றினேன். ‘ஆற்று மாசு பற்றிக் கருத்து கூறுக’ என்பதற்குப் பதிலாக, ‘திருமணிமுத்தாறு உங்கள் பகுதியில் இன்று என்ன நிறம், என்ன வாடை? வீட்டுப் பெரியவரிடம் பழைய ஆற்றைப் பற்றிக் கேட்டு, ஒரு நிமிடக் குரல்பதிவாகப் போடுங்கள்’ என்றேன். ஆறு சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்குள் வருகிறது. ஏற்காட்டு மாணவர்கள் மலை ஓடைகளைச் சொன்னார்கள், ஊருக்குள் இருப்பவர்கள் சாயக்கழிவைச் சொன்னார்கள். இதற்கு யார் பொறுப்பு என்று ஒருத்தி கேட்க, வாதம் இரவு வரை போனது!

அதே கேள்விக்கு ஏஐ தந்த பதிலை நானே போட்டு, எது விடுபட்டிருக்கிறது என்றும் கேட்டேன். அதிகம் பேசாதவர்கள்கூட அதில் பேசினார்கள்.

‘அருமை, ஒத்துப்போகிறேன்’ வகை மறுமொழிகள் மட்டும் குறையவில்லை. மறுமொழியில் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும் என்று இப்போது சொல்லியிருக்கிறேன். சரி, பெரிய வகுப்பில் இத்தனை குரல்பதிவுகளையும் கேட்டு மதிப்பெண் போட யாரிடமாவது நல்ல வழி இருக்கிறதா?