புதுப்பிப்பு: லண்டனில் பாடிய என் பாட்டுக்கு ராயல்டி வந்துவிட்டது

நான் மெட்டமைத்த பாட்டை ஒரு குழு லண்டன் மேடையில் பாடியது, எனக்கு ஒரு பைசா வரவில்லை என்று போன வருடம் எழுதியிருந்தேன் இல்லையா? நேற்று மயிலாப்பூரில் பாஸ்புக் பதிந்தேன். ஐபிஆர்எஸ் (பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டமைப்பவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் இந்தியச் சங்கம்) என்ற வரியை விரல் வைத்து இரண்டு முறை படித்தேன். சின்னத் தொகைதான், ஆனால் என் மெட்டுக்கு வந்தது!

லண்டனில் இந்த ராயல்டியை வசூலிப்பது பிஆர்எஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பு. நம் ஐபிஆர்எஸ்ஸோடு அதற்குப் பரஸ்பர ஒப்பந்தம் இருப்பதால் பணம் இங்கே வருகிறது. சிக்கல் அந்தக் குழு கொடுத்த பாட்டுப் பட்டியலில்தான்: இசையமைப்பாளர் என்ற இடத்தில் பாடகர் பெயரை எழுதியிருந்தார்கள். அதைத் திருத்தி, படைப்பாளியை அடையாளம் காட்டும் என் ஐபிஐ எண்ணையும் சேர்த்த பிறகுதான் நகர்ந்தது.

அப்புறம், மார்கழி முடிந்து வெளிநாடு கிளம்பும் பாடகர்களே, பட்டியலில் பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களைத் தயவுசெய்து சரியாகக் கொடுங்கள்.