கேன்வாஸ் பிரிண்ட் மேல கை வச்சா அது "ஹேண்ட் பெயிண்டட்" ஆகிடுமா?

மயில்நீலம்:
பொங்கலுக்கு ஒரு கண்காட்சியில ஸ்டால் எடுத்திருக்கேன். ரவிவர்மாவோட சரஸ்வதி, பாறை மேல வீணையோட, பக்கத்துல மயில் நிக்குமே அந்தப் படம். 24க்கு 36 இன்ச் கேன்வாஸ்ல பிரிண்ட் எடுத்து மேல அக்ரிலிக்ல வேலை பண்ணியிருக்கேன். புடவைக் கரைக்கு மெட்டாலிக் கோல்டு, மயில் கழுத்துக்கு மூணு வகை நீலம், நகைக்கு ஜெல் (பெயிண்ட்டைக் கெட்டியாக்குற பசை) கலந்து கொஞ்சம் மேடு. ஒரு படத்துக்கு ஒரு முழு நாள் போயிடுது. பிரிண்டும் கேன்வாஸை இழுத்து அடிக்கிற மரக்கட்டையும் சேர்ந்து 2,500, நான் 9,000 சொல்லலாம்னு இருக்கேன். வேற ஒரு குரூப்ல போட்டோ போட்டதுக்கு "இது திருட்டு"ன்னு ஒருத்தர் எழுதிட்டுப் போயிட்டார். எது திருட்டு? ரவிவர்மா இறந்தது 1906ல. காப்புரிமை எப்பவோ முடிஞ்சுபோச்சு. வேலை செய்யறது என் கை. "ஹேண்ட் பெயிண்டட் ஆன் கேன்வாஸ்"னு போட்டா யாருக்கு என்ன நஷ்டம்?

எண்ணெய்ச்சட்டி:
திருட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஏமாத்துன்னு சொல்வேன்.
ஒண்ணு கேக்குறேன். சரஸ்வதி முகத்துல கை வச்சீங்களா? வீணை மேல இருக்கிற விரல்ல? வச்சிருக்க மாட்டீங்க. இந்த வேலை பண்ற யாருமே வைக்கிறதில்ல, அங்க தூரிகை பட்டா குட்டு உடைஞ்சிடும். ஆக, படத்துல கஷ்டமான இடமெல்லாம் மெஷின் போட்டது, பளபளப்பு மட்டும் உங்களுது. "ஹேண்ட் பெயிண்டட்"னு படிக்கிறவன் அந்த முகத்தைத்தான் நீங்க வரைஞ்சதா நினைப்பான். நினைக்கட்டும்னுதான் அப்படி எழுதுறாங்க. பக்கத்து ஸ்டால்ல மாசக்கணக்குல உட்கார்ந்து வரைஞ்சவன் 40,000 சொன்னா, "அங்க 9,000க்கே ஹேண்ட் பெயிண்டட் கிடைக்குதே"ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டுப் போவாங்க. நஷ்டம் யாருக்குன்னு கேட்டீங்களே, அவனுக்குத்தான்.

கானாடுகாத்தான்:
ஐயா இதை என்னமோ நேத்து முளைச்ச வியாபாரம் மாதிரி பேசுறீங்க. ரவிவர்மாவே 1894ல பம்பாயில அச்சகம் வச்சு, ஜெர்மன் ஆளுங்களைக் கூட்டிவந்து இந்தப் படங்களை அடிச்சு வித்தவர்தான். அந்தக் கால ஓலியோகிராப்பே என்ன? கல்லச்சுல அடிச்ச படத்துக்கு வார்னிஷ் பூசி, துணி நெசவு மாதிரி மேடு பள்ளம் அழுத்தி, எண்ணெய் ஓவியம்னு தோண வைக்கிற வேலை. அதை வாங்கிட்டு வந்த வீட்டுல பொம்பளைங்க லட்சுமிக்கு நிஜத் துணியில புடவை, ஜரிகைக் கரை, ஜிகினா, சம்கி, மணின்னு ஒட்டித் தைச்சாங்க. செட்டிநாட்டு வீடுகள்ல இன்னும் தொங்குது. காரைக்குடி பழம்பொருள் கடைகள்ல அதையே தேடி அலையற ஆள் இருக்காங்க. தங்கச்சி செய்யறது அதேதான், ஜிகினாவுக்குப் பதிலா அக்ரிலிக்.

எண்ணெய்ச்சட்டி:
அண்ணாச்சி, நீங்க சொன்ன ஜிகினா என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்லுது. வெல்வெட்டும் மணியும் ஒட்டின படத்தைப் பார்த்து யாராவது "ரவிவர்மா கையால வரைஞ்சது"ன்னு நினைச்சாங்களா? படத்துக்கு அடியில அச்சகம் பேரே இருக்கும். ஒட்டினது ஒட்டினதா தெரிஞ்சுது, அழகாவும் இருந்துச்சு. நான் கோபப்படறது கிளியர் ஜெல் மேல. நிறமே இல்லாத ஒரு களியைத் தூரிகையால இழுத்து, தடவிப் பார்க்கிற விரலை ஏமாத்துறது.

ஜெர்சி மாமா:
இங்க அமெரிக்காவுல டாமஸ் கின்கேட்னு ஒரு ஓவியர் (2012ல போயிட்டார்) இதைத் தொழிற்சாலையாவே நடத்தினார். குடிசை, ஜன்னல்ல மஞ்சள் வெளிச்சம், கல் பாலம், அப்படியான படங்கள். கேன்வாஸ்ல பிரிண்ட் அடிச்சு, பயிற்சி கொடுத்த ஆளுங்க ஜன்னல் வெளிச்சத்துலயும் பூவுலயும் பொட்டுப் பொட்டா பெயிண்ட் வைப்பாங்க. கம்பெனி பங்குச் சந்தை வரைக்கும் போச்சு. யார் கை எவ்வளவு பட்டதுன்னு பார்த்துத்தான் விலை. விமர்சகர்கள் கிழிச்சாங்க, ஜனங்க வாங்கிக்கிட்டே இருந்தாங்க. ஆனா அங்க பிரிண்ட்டை பிரிண்ட்டுன்னு சொல்லித்தான் வித்தாங்க. கலிஃபோர்னியாவுல இந்த மாதிரிப் பிரதி விக்கிறவங்க எந்த முறையில அச்சடிச்சது, எத்தனை பிரதின்னு எழுதிக் கொடுக்கணும்னு சட்டமே இருக்கு.

பிரேம்கடை:
நியாயம் தர்மம் நீங்க பேசுங்க. எங்க கடைக்கு ரிப்பேருக்கு வர்ற படங்களைப் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல, எந்த மை? டை இங்க் (தண்ணியில கரையற சாய மை) பிரிண்ட் மேல தண்ணி கலந்த அக்ரிலிக் வச்சா மை கரைஞ்சு தூரிகையோடவே வந்துடும். வெள்ளைப் புடவைக்குள்ள பச்சை இறங்கினா அப்புறம் அந்தப் படம் குப்பைதான். பிக்மெண்ட் இங்க் (நிறப்பொடி மை) தாங்கும், ஆனா அதுக்கும் முதல்ல வார்னிஷ் ஸ்ப்ரே அடிச்சு, காயவிட்டு, அப்புறம்தான் கை வைக்கணும். ஃபிளெக்ஸ் கடையில ஈகோ சால்வென்ட் மையில எடுத்ததுன்னா வாசனை அடங்குற வரைக்கும் சுருட்டாம விரிச்சு வைங்க. அவசரப்பட்டு மேல பூசினா பின்னால தோலா உரியும்.

ரெண்டாவது, கட்டையில இழுத்து அடிச்சதுக்கு அப்புறம் ஜெல் போடுங்க. பாதிப் பேர் தரையில விரிச்சு கனமா அப்பிட்டு எங்ககிட்ட கொண்டுவர்றாங்க. ஓரம் மடிக்கையில விரிசல் விட்டா பழி பிரேம்காரன் மேல.

மூணாவது, இதை யாரும் சொல்றதில்ல. பிரிண்ட் மையும் உங்க அக்ரிலிக்கும் ஒரே வேகத்துல வெளுக்காது. ஜன்னலுக்கு எதிர்ல மாட்டினா கொஞ்ச வருஷத்துல பின்னணி வெளுத்து, நீங்க வச்ச நீலம் மட்டும் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி துருத்திக்கிட்டு நிக்கும். கடைசியா யூவி வார்னிஷ் அடிச்சா தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

எண்ணெய்ச்சட்டி சார் சொன்ன ஜெல் விஷயம் சரி. படத்தை டியூப்லைட்டுக்குக் குறுக்கா சாய்ச்சுப் பார்த்தாலே தெரியும். வரைஞ்ச படத்துல பூச்சு உருவத்தோட போகும், கன்னத்துல வளையும், மடிப்புல கீழ இறங்கும். ஜெல் அடிச்சதுல பாருங்க, மூக்கையும் காதையும் பின்னாடி இருக்கிற மரத்தையும் ஒரே இழுப்புல தாண்டிப் போயிருக்கும்.

மாடிவீடு:
நான் வாங்குற கட்சி. ஒரிஜினல் வாங்க வசதியில்ல, வெறும் பிரிண்ட் தட்டையா உயிரில்லாம இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு வாங்கினேன், பிரிண்ட்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். வருத்தம் என்னன்னா, "இது ஒண்ணே ஒண்ணுதான்"னு சொல்லிக் கொடுத்தாங்க. அப்புறம் ஒரு கல்யாண மண்டப வரவேற்புல அதே படம், அதே இடத்துல அதே கோல்டு. எத்தனை போடுறீங்கன்னு மட்டும் சொல்லிடுங்க, மத்தது எனக்குப் பரவாயில்ல.

மயில்நீலம்:
முகத்துல கை வைக்கலைதான் அண்ணா. வச்சா ரவிவர்மாவைக் கெடுத்துடுவேன்னு வைக்கலை, மறைக்கிறதுக்காக இல்ல. கிளியர் ஜெல்லும் நான் இழுக்கறதில்ல. அப்புறம், தஞ்சாவூர்ப் பட்டறையில மட்டும் என்ன நடக்குது? படத்தோட கோடுகளை அச்செடுத்துக்கிறாங்க, மேடு எழுப்புற மக்குப் பசை வைக்கிறவர் ஒருத்தர், தங்க ரேக்கு ஒட்டுறவர் ஒருத்தர். அதே கிருஷ்ணர் நூறு பேர் வீட்டுல இருக்கார். அதை யாரும் ஏமாத்துன்னு சொல்லலையே?

எண்ணெய்ச்சட்டி:
ஒரே கிருஷ்ணர்தான், ஆனா பலகையில துணி ஒட்டுறதுல ஆரம்பிச்சு கண் திறக்கிற வரைக்கும் ஒவ்வொரு அங்குலமும் ஒரு மனுஷன் பூசினது. கோடு மட்டும் அச்சு. உங்களுது தலைகீழ்.

வாய்தா:
சட்டம் ரெண்டு வரி. ரவிவர்மா பிரச்னையில்ல. 1957 காப்புரிமைச் சட்டப்படி ஓவியர் இறந்த அடுத்த வருஷத்துலேர்ந்து 60 ஆண்டு, அது என்னைக்கோ முடிஞ்சாச்சு. ஆனா இது நல்லா போகுதுன்னு அடுத்து காலண்டர் சாமி படத்துல இறங்காதீங்க. அந்தப் படங்களை வரைஞ்ச கோவில்பட்டி கொண்டைய ராஜு இறந்தது 1976, அப்போ 2036 முடியிற வரைக்கும் உரிமை இருக்கு. மேல நாலு இடத்துல பெயிண்ட் வச்சா அது உங்க படமா மாறிடாது. இணையத்துல கண்ணுல பட்டதை இறக்கிப் பிரிண்ட் எடுக்கிறதும் அதே கேஸ்தான். இன்னொண்ணு, அச்சை "கையால் வரைந்தது"ன்னு வித்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல பொய்யான வர்ணனைன்னு புகார் கொடுக்க வாங்கினவருக்கு வழி இருக்கு.

மயில்நீலம்:
சரி, "ஹேண்ட் பெயிண்டட்" வேண்டாம். "ரவிவர்மாவின் சரஸ்வதி. கேன்வாஸ் அச்சு. நகை, கரை, மயில் மட்டும் கைவேலை. 12 பிரதிகளில் 3"னு எழுதி என் கையெழுத்தும் போட்டுடறேன். ஆனா விலை 9,000தான். அதுல ஒரு ரூபா இறங்க மாட்டேன்.

எண்ணெய்ச்சட்டி:
விலை உங்க இஷ்டம், கொடுக்கிறவங்க கொடுக்கட்டும். எங்க எழுதப் போறீங்க?

மயில்நீலம்:
கேன்வாஸ் பின்னாடிதான்.

எண்ணெய்ச்சட்டி:
பார்த்தீங்களா! வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், ஆணியில மாட்டறப்போதான் அதைப் படிப்பாங்க. முன்னாடி விலைச்சீட்டுல போடுங்கம்மா, 9,000க்கு மேல, அதே எழுத்துல.

மயில்நீலம்:
அதே எழுத்துல போட்டா ஸ்டால்ல ஒருத்தரும் நிக்க மாட்டாங்கண்ணா.

மாடிவீடு:
நான் நிப்பேன். ஸ்டால் எங்கன்னு சொல்லுங்க.

பிரேம்கடை:
எங்க வேணா எழுதுங்க மேடம், ஆனா பின்னாடி எழுதுறதா இருந்தா மார்க்கர்ல துணி மேல எழுதாதீங்க, ஊறி முன்பக்கம் வந்துடும். கட்டையில எழுதுங்க.