வாஷிங்டனிலிருந்து வந்தவரும் ஒரு கடன் அட்டையும்

2023 பங்குனியில் சர்வதேச நாணய நிதியம் இலங்கைக்கு 48 மாதத்தில் ஏறத்தாழ 300 கோடி டொலர் தர ஒப்புக்கொண்டதல்லவா, அதற்குச் சில மாதம் கழித்து விசுவமடுப் பக்கம் எங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்கு ஒரு பொருளியலாளர் வந்தார். கொழும்பில் வங்கி வேலையில் தொடங்கி, வாஷிங்டனில் பல வருடம் கடன் கொள்கை பார்த்து, கடைசியில் அதைச் சனங்களுக்கு விளங்கப்படுத்தும் தொடர்பாடல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வன்னியில் பிறந்தவர்தான், நல்ல தமிழ். ஆனாலும் முதல் இருபது நிமிடம் உயர்தரத்தில் பொருளியல் படித்த எனக்கே தலை சுற்றியது. படுகடன், மறுசீரமைப்பு, முதன்மை மிகை... பின்வரிசையில் பிளேன்ரீ மட்டும் நன்றாக ஓடியது.

மாதர் சங்கத்து அக்கா ஒருவர் எழும்பினார். "2022 சித்திரை 12இல நாடு வெளிநாட்டுக் கடன் கட்ட ஏலாதெண்டு சொன்னது. உடனே தவணையையும் வட்டியையும் மாத்தப் பேச்சுவார்த்தை, அதுக்கு மறுசீரமைப்பு எண்டு பேர். நாங்கள் கிழமைக்கடன் கட்ட ஏலாதெண்டால் கடன் குடுத்த கொம்பனிப் பொடியன் மோட்டார் சைக்கிளால இறங்கி வாசல்ல குந்தியிருக்கிறான். எங்களுக்கு மறுசீரமைப்பு இல்லையோ ஐயா?"

அவர் பதில் சொல்லவில்லை. அக்காவின் கட்டுக்காசு பதியும் கடன் அட்டையைக் கேட்டு வாங்கினார். வாங்கியது 50,000 ரூபா. கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை. மொத்தம் 65,000. "வட்டி 30 வீதம் எண்டு சொல்லியிருப்பினம், என்ன?" அக்கா தலையாட்டினார். வந்தவர் சுவரில் ஒட்டிய பிரவுண் தாளில் எழுதத் தொடங்கினார். முதல் கிழமைக் கட்டோடேயே கையிலுள்ள கடன் குறையத் தொடங்குகிறது. வட்டியோ கடைசிவரை முழு 50,000க்கும் போட்டிருக்கிறது. குறைந்துபோகும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 54 வீதமளவில் வரும். அந்த இடத்தில்தான் மண்டபம் அமைதியானது. பிறகு ஒவ்வொருவராக அட்டையை வெளியே எடுத்தார்கள். கூட்டம் முடிய இருட்டிவிட்டது, டொலர் கதை அப்படியே நின்றுபோனது.

கடன் ஒன்றும் குறையவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அக்கா மிச்சத்தையும் கட்டித்தான் முடித்தார்.

---

கிளிநொச்சியிலிருந்து இன்னொருவர் எழுதியது: அதே மனிசன்தான் போல. அடுத்த மாதம் கிளிநொச்சியில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்கும் வந்தார். திரை, கணினி ஒன்றும் இல்லை. கதிரையில் இருக்க முதலே கேட்டது இதுதான்: "அட்டை கொண்டு வந்தனீங்களோ?"