மறு: அப்டக்‌ஷன் – ‘காரண ஊகம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

அப்டக்‌ஷன் (abduction, கண்டதை வைத்து அதன் காரணத்தை ஊகிப்பது) என்பதற்குத் தமிழில் ‘காரண ஊகம்’ சரிவருமா என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதிலாக வந்த அருத்தாபத்தி (சொன்னது பொருந்துவதற்காகச் சொல்லாததையும் கொள்வது) என்ற பரிந்துரை எனக்கும் மிகவும் பிடித்தது. மணிமேகலையில் அறியும் வழிகளை விளக்கும் அளவைவாதி தரும் எடுத்துக்காட்டு நம் துறைக்கு அப்படியே பொருந்துகிறது: கங்கையில் ஆயர்குடி இருக்கிறது என்றால் கரையில் இருப்பதாகக் கொள்ள வேண்டும். சொல்பவர் விட்டதைக் கேட்பவர் நிரப்பிக்கொள்கிறார். குரல்வழி உரையாடும் கணினிக்கும் இதே வேலைதான்.

ஆனாலும் தயங்குகிறேன். வேத விளக்க மரபைச் சேர்ந்த மீமாம்சகர்களுக்கு அருத்தாபத்தி ஒரு பிரமாணம், அதாவது சரியான அறிவைத் தரும் வழி. அதில் கிடைப்பது உறுதியான அறிவு. பருத்த தேவதத்தன் பகலில் உண்பதில்லை என்றால் இரவில் உண்கிறான், அவ்வளவுதான். அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் பியர்ஸ் அப்டக்‌ஷன் என்று பெயரிட்டது அதுவல்ல. விளைவைப் பார்த்து, அதற்கு ஒத்துவரும் காரணத்தை இப்போதைக்கு ஏற்பது அது. புதிய தகவல் வந்தால் விட்டுவிட வேண்டும்.

இங்கே பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒருவர், “மெஜஸ்டிக் போற கடைசி பஸ் போயிடுச்சா?” என்று கேட்பதாக வையுங்கள். அவருக்கு மெஜஸ்டிக் (நகரின் மையப் பேருந்து நிலையப் பகுதி) போக வேண்டும் என்று கணினி ஊகித்து, ஊதா வழித்தட மெட்ரோவைச் சொல்கிறது. அவரோ, “நான் போகலைங்க, அப்பா அந்த பஸ்லதான் கிளம்புறேன்னார்” என்கிறார். உடனே அந்த ஊகத்தை மட்டும் விலக்க வேண்டும். ஊர், பேருந்து பற்றிய செய்திகள் அப்படியே இருக்க வேண்டும். போதாததற்கு, காதில் விழுந்ததே ‘போயிடுச்சா’வா ‘போயிடுச்சு’வா என்ற ஐயமும் உண்டு. கடைசி உயிரெழுத்து மாறினால் கேள்வி புகாராகிவிடும்.

கணினிவழி மொழி ஆய்வாளர்களான ஹாப்ஸ், ஸ்டிக்கல், ஆப்பெல்ட், மார்ட்டின் ஆகியோரின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்வதே அப்டக்‌ஷன்தான் என்கிறது. நிரூபிக்க முடியாமல் ஏற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு, அதாவது ஒரு எண் மதிப்பு. மொத்தச் செலவு குறைந்த விளக்கமே வெல்லும். இதை ‘ஊகச் செலவு’ என்றால் இயல்பாக வருகிறது. ‘அருத்தாபத்திச் செலவு’ வாயில் நுழையவில்லை.

‘காரணங் கருதல்’ என்ற தனித்தமிழ் வடிவம் அழகானது. ஆனால் மணிமேகலையில் கருதல் என்பது அனுமானம் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அறிவது), இரண்டும் குழம்பும். உய்த்துணர்தல் எல்லா வகை அறிதலுக்கும் பொதுவாக இருக்கட்டும். தொகுத்தறிதல் (induction) பள்ளிக் கணக்கிலேயே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

ஊகம் வடசொல் என்பது தெரியும். ஆனால் தவறாகவும் போகலாம் என்ற குறிப்பு அதில் கூடவே வருகிறது. எனக்கு அதுதான் முக்கியம். கன்னடத்திலும் ஊஹெ என்பதால் அலுவலகத்தில் விளக்கம் தேவைப்படுவதில்லை.

உரையாடலில் ஊகிப்பது பேசுபவரின் நோக்கத்தை அல்லவா, காரணம் எங்கே வந்தது என்று கேட்டிருந்தீர்கள். சரியான கேள்வி. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு அந்த நோக்கமே காரணம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேறு சொல் இருந்தால், கணினி தன் முடிவைக் கைவிடும் இடத்தில் அது எப்படி வரும் என்று ஒரு வாக்கியமும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு