அடாஸ் (கேமரா, ரேடார் வச்சு ஓட்டுறவருக்கு உதவுற சிஸ்டம்) தானா ஆஃப் ஆகி தானா வருது, முன் கண்ணாடி மாத்துனதுதான் காரணமா?

அண்ணே, வண்டி 2023 மாடல் எஸ்யூவி, பெட்ரோல் ஆட்டோமேட்டிக், டாப் எண்டு. ஜனவரில மேலூர் கிட்ட டிப்பர்ல இருந்து கல்லு தெறிச்சு முன் கண்ணாடி போச்சு, இன்சூரன்ஸ்ல புதுசு போட்டாங்க, அதுக்கப்புறம்தான் இந்தத் தலைவலி.

திருச்சி நாலு வழிச்சாலைல 80ல லேன் அசிஸ்ட் (வண்டிய லேன் கோட்டுக்குள்ள வைக்கிறது), அடாப்டிவ் குரூஸ் (முன்னாடி போற வண்டிக்கு ஏத்த மாதிரி வேகத்த பாத்துக்கிறது) ரெண்டும் போட்டு போய்க்கிட்டு இருப்பேன், பச்சையா இருந்த ஸ்டீரிங் படம் திடீர்னு சாம்பல் ஆயிரும், ஸ்டீரிங்ல இருந்த லேசான இழுப்பும் விட்டுப்போயிரும். 'கேமரா தற்காலிகமா வேலை செய்யல'ன்னு மெசேஜ். கொஞ்ச நேரத்துல லேன் அசிஸ்ட் சத்தமே இல்லாம தானா வந்துரும், குரூஸ் மட்டும் ரெஸ்யூம் அமுக்கினாதான் வரும். பிரேக் மிதிச்சா குரூஸ் கட் ஆகுறது எனக்கு தெரியும்ணே, இது கால் வைக்காமலே ஆகுது. சாயங்காலம் மதுரைக்கு திரும்புறப்போ, சூரியன் நேர் மூஞ்சில அடிக்கிறப்போ ஜாஸ்தி, ஆனா மேகமா இருந்த அன்னிக்கும் வந்துச்சு.

முன் கண்ணாடிக்கு உள்ள இருக்குற கேமரா முன்னாடி கண்ணாடிய துடைச்சேன், பம்பர் ரேடாரையும் கழுவியாச்சு, வீல் அலைன்மெண்ட், பேட்டரி செக், சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் முடிஞ்சுச்சு. ஸ்கேன்ல எரர் கோடு ஒண்ணும் இல்லையாம். சர்வீஸ்ல 'மதுர வெயிலுக்கு அப்படித்தான் சார்'ங்கிறாங்க, போன வருஷம் இதே வெயில்தானே அடிச்சுச்சு! கேமரா கேலிப்ரேஷன் (கேமரா பார்வைய சரியா செட் பண்றது) ரோட்டுல ஓட்டியே பண்ணிட்டோம்னு சொல்றாங்க, வண்டி முன்னாடி குறி போட்ட டார்கெட் போர்டு வச்சு பண்ணல.

கண்ணாடி மாத்துன பிறகு இதே மாதிரி வந்தவங்க யாராச்சும், டார்கெட் போர்டு வச்சு கேலிப்ரேஷன் பண்ணதும் சரியாச்சா?