முதல் பொட்டலத்தைப் பிரிக்காமலே ஒதுக்கினால் இரண்டாவதன் நிகழ்தகவு என்ன?

மன்னார்குடி மாணவன்:
ஒரு பெட்டியில் வெளித்தோற்றத்தில் வேறுபாடில்லாத 12 விதைநெல் பொட்டலங்கள் உள்ளன. 5 குறுவைக்குரிய ஆடுதுறை 43, மற்ற 7 சம்பாவுக்குரிய சி.ஆர். 1009, இரகத்தின் பெயர் உள்ளே இருக்கும் சீட்டில் மட்டுமே உண்டு. திருப்பி வைக்காமல் இரண்டை எடுத்தால், இரண்டும் ஆடுதுறையாக இருக்க 5/12 × 4/11 = 5/33 என்பது விளங்குகிறது. முதலாவதைப் பிரிக்காமலே ஓரமாக வைத்துவிட்டால், இரண்டாவது ஆடுதுறையாக இருக்க 4/11 எழுதுவதா, 5/11 எழுதுவதா?

கும்பகோணம் கணித ஆசிரியை:
இரண்டும் இல்லை, தம்பி. முதலாவது ஆடுதுறை என்று தெரிந்தால்தான் 4/11, சி.ஆர். என்று தெரிந்தால் 5/11. எதுவும் தெரியாதபோது இரு வழிகளையும் கூட்ட வேண்டும்: (5/12 × 4/11) + (7/12 × 5/11) = 55/132, அதாவது 5/12.

மன்னார்குடி மாணவன்:
பெட்டியில் 11 தானே மிஞ்சியிருக்கின்றன, அம்மா? பகுதியில் 12 எப்படி வருகிறது?

கும்பகோணம் கணித ஆசிரியை:
எடுத்து வைத்தது பொட்டலத்தைத்தான். அதைப் பற்றிய செய்தி எதுவும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டையும் கலைத்து வரிசையாக அடுக்கினால், இரண்டாம் இடத்தில் எந்தப் பொட்டலமும் சம வாய்ப்புடன் அமையலாம் என்பதால், முதலிடத்துக்குள்ள அதே 5/12 அதற்கும் பொருந்தும். இன்னொன்றையும் செய்து பாருங்கள்: இரண்டாவதை மட்டும் பிரித்து, அது ஆடுதுறை என்று கண்டால், ஓரமாக இருக்கும் முதலாவது ஆடுதுறையாக இருப்பதற்கான சார்புநிலை நிகழ்தகவு 20/132 ÷ 55/132 = 4/11 ஆகக் குறைகிறது. பின்னால் எடுத்தது முன்னால் எடுத்ததை மாற்றிவிடவில்லை. மாறியது நம் அறிவு மட்டுமே. சார்பு என்பதைக் காலவரிசையோடு குழப்பிக்கொள்வதால்தான் பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

ஆடுதுறைப் பக்கத்து விவசாயி:
முளைப்புத்திறன் பரிசோதனைக்கு 400 விதைகளை எடுப்பார்கள். எடுத்தவற்றைத் திருப்பிப் போடுவதில்லை. கண்டிப்பாகப் பார்த்தால் அவையும் சார்புடைய நிகழ்ச்சிகளே. ஆயினும் ஒரு கிலோ நெல்லிலேயே 40,000க்கும் மேற்பட்ட மணிகள் இருப்பதால், குவியல் பல குவிண்டால் எனும்போது, ஒரு மணியை எடுப்பதால் அடுத்ததன் நிகழ்தகவு கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. சாரா நிகழ்ச்சிகளாகவே கொண்டு கணக்கிடலாம். உங்கள் பெட்டியில் அந்தச் சலுகை செல்லாது: இரண்டும் ஆடுதுறையாக இருக்க, திருப்பி வைத்து எடுத்தால் 25/144, ஏறத்தாழ 0.174, வைக்காவிட்டால் 5/33, ஏறத்தாழ 0.152.