துருக்கி ராணுவ அதிகாரிங்க வாட்டர்கலர் படம்: எல்லாருக்கும் ஒரே மூஞ்சி ஏன்?

திருவையாறு_தம்பி:
தஞ்சாவூர்ல ஓவியம் படிக்கிறேன். இஸ்தான்புல் ஓவியருங்க ஐரோப்பாக்காரங்களுக்கு வரைஞ்சு குடுத்த பழைய ஆல்பம் ஒண்ணை நெட்ல ஜூம் பண்ணி பாத்துட்டிருந்தேன், பக்கத்துக்கு ஒரு அதிகாரி, பின்னாடி வெறும் பேப்பர். தொப்பி, அங்கி ஓரம், இடுப்புல சொருகுன கத்தி எல்லாம் அவ்ளோ நுணுக்கம், மூஞ்சி மட்டும் திரும்பத் திரும்ப அதே மீசை அதே கண்ணு. இதைப் போய் போர்ட்ரெய்ட்னு போட்டிருக்காங்களே, எப்படி?

கல்லணைக்காரன்:
தம்பி, காசு குடுத்தவன் மூஞ்சியைக் கேக்கல, பதவியைக் கேட்டான். 1657ல சுவீடன் தூதரா போன கிளாஸ் ரோலம்ப் கொண்டுபோன ஆல்பம் இன்னிக்கும் ஸ்டாக்ஹோம் ராயல் லைப்ரரில இருக்கு, அதைப் பாரு. அரண்மனையில யாரு பெரிய ஆளுன்னு தலைப்பாகையை வெச்சுத்தான் தெரியும், அதனால ஓவியரும் அங்கதான் உழைச்சிருக்காரு. ஜானிசரின்னா சுல்தானோட காலாட்படை, அந்த வீரன்னா வெள்ளை ஃபெல்ட் தொப்பி, பின்பக்கம் நீளமா மடிஞ்சு முதுகுல தொங்கும், நெத்திக்கு மேல கரண்டி சொருக ஒரு கூடு! சோத்துக் கரண்டிதான், கிண்டல் இல்ல. படைக்கு மானமே சமையல் அண்டாதான், அதைக் கவுத்துப் போட்டா கலகம்னு அர்த்தம்.

மேலவீதி_அக்கா:
இதுக்கு ஏன் துருக்கி வரைக்கும் போறே தம்பி, நம்ம ஊர்லயே கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்களுக்கு இதே வேலைதானே நடந்துச்சு. புருஷன் பொண்டாட்டி ஜோடியா நிக்க வெச்சு, என்ன சாதி என்ன தொழில்னு கீழ எழுதி வித்தாங்க. திருச்சி மைக்கா படம் (கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுற மெல்லிசு காக்காப்பொன் தகட்டுல வரையறது) இன்னொரு படி மேல, அந்தக் காலத்து மைக்கா செட்டு சிலதுல மூஞ்சி ஒரே ஒரு அட்டையில இருக்கும், தலையில்லாத டிரஸ்ஸை ஒவ்வொண்ணா மேல வெச்சு மாத்திக்கலாம். அதை வாங்கினவனுக்கும் ஆளு முக்கியமில்ல.

கும்மோணம்_டிகிரி:
அக்கா சொல்றது சரி, ஆனா எல்லாத்தையும் அப்படியே ஒதுக்கிட முடியாது. வான்மூர்னு ஒரு ஐரோப்பிய ஓவியர் 1699லேர்ந்து 1737ல சாகுற வரைக்கும் இஸ்தான்புல்லதான் இருந்தாரு, வாட்டர்கலர் இல்ல ஆயில். டச்சு தூதர் கால்கூன் சேத்த அவர் படங்கள் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல இருக்கு. அதுல 1730 கலகத்தை நடத்துன பட்ரோனா ஹலீலும் இருக்கான், அவனும் ஜானிசரிதான், ஆனா அது பேரு சொல்லி வரைஞ்ச ஆளு.

திருவையாறு_தம்பி:
செம, நன்றி. தேதி போடாத படம்னா காலத்தை எப்படி கண்டுபிடிக்கிறது?

கல்லணைக்காரன்:
தொப்பியைப் பாரு. 1826ல சுல்தான் இரண்டாம் மஹ்மூது ஜானிசரி படையையே ஒழிச்சிட்டாரு, அப்புறம் புது ராணுவத்துக்கு ஃபெஸ்ங்கிற விளிம்பில்லாத குஞ்சம் வெச்ச தொப்பி வந்துடுச்சு. ஆனா பழைய டிரஸ்ஸை வெச்சு பின்னாடி வரைஞ்சதும் உண்டு, அதனால பேப்பர் வாட்டர்மார்க்கையும் (வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா தெரியுற, பேப்பர் செஞ்சவங்க முத்திரை) பாத்துக்கோ.